மெஷின் விலை பாதி விலைதான்

வீட்டுல ஒரு மரப்பட்டறை போடணும்னு கிளம்பறவங்க எல்லாரும் கேக்கற முதல் கேள்வி ஒண்ணுதான். "எந்த மெஷின் வாங்கலாம் சார்?" நான் திருப்பிக் கேக்கறதும் ஒண்ணுதான். "கையில எவ்வளவு வச்சிருக்கீங்க?" அவர் ஒரு தொகை சொல்வார். "அதுல பாதிக்கு மெஷின் பாருங்க, மீதிப் பாதியைத் தொடாம வைங்க"ன்னு சொன்னதும் முகம் சுருங்கிடும். 1 லட்சம் வச்சிருக்கிறவருக்கு 90,000 ரூபாய் மெஷின் மேலதான் கண்ணு. மீதி 10,000 ரூபாய் டெம்போவுக்கும் ஆயுத பூஜைக்கும்!

நான் சொல்ல வர்றது இதுதான். பெரிய மரவேலை மெஷின்ங்கிறது நாம கடையில பாக்கற இரும்பு மட்டும் இல்லை. அது நிக்கிற தரை, அதுக்கு வர்ற கரண்ட், பிளேடுக்கு மேல இருக்கிற மறைப்பு, தூளை இழுக்கிற குழாய், இதெல்லாம் சேர்ந்ததுதான் மெஷின். இதெல்லாம் இல்லாம இரும்பை மட்டும் கொண்டாந்து வச்சா, பாதி மெஷின் வாங்கியிருக்கோம்னு அர்த்தம். பாதி மெஷினை ஓட்டறதைவிட ஓட்டாம இருக்கிறது மேல்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம், நம்மூர் ஆசாரிங்க இப்படியா ஓட்டறாங்க?"னு உடனே கேப்பாங்க. அதுக்குக் கீழே வர்றேன். முதல்ல ஒவ்வொண்ணா பாப்போம்.

கனமான மெஷின் எதுக்கு?

நான் பெரிய மெஷினுக்கு எதிரி இல்லை. சொல்லப்போனா ரொம்ப ஆபத்தானது சின்ன மெஷின்தான். கட்டடம் கட்டற இடத்துல பாத்திருப்பீங்க. 7 இஞ்ச் கை சர்க்குலர் ரம்பத்தைத் தலைகீழா புரட்டி, ஒரு பிளைவுட் பலகைக்கு அடியில ஸ்க்ரூ போட்டு மாட்டி, சுவிட்சை கயிறு போட்டுக் கட்டிட்டு, அதை டேபிள்னு சொல்லி ஓட்டுவாங்க. அதைவிட மோசம், இரும்பு வெட்டற 4 இஞ்ச் கிரைண்டர்ல பல்லு வச்ச மர பிளேடை மாட்டறது. நிமிஷத்துக்கு 10,000 சுத்துக்கு மேல ஓடற சாமான் அது. பல்லு மரத்துல மாட்டிச்சுன்னா கிரைண்டர் கையைவிட்டுத் துள்ளும். எந்தப் பக்கம் துள்ளும்னு யாராலயும் சொல்ல முடியாது.

வார்ப்பிரும்பு மெஷின் இதுக்கு நேர் எதிர். அந்த எடை சும்மா இல்லை. பிளேடு சுத்தும்போது வர்ற அதிர்வை அந்த எடை விழுங்கிடுது. மேசை ஆடாது, மரம் குதிக்காது, வெட்டு நேரா வரும். 12 இஞ்ச் இழைப்பு மெஷின் ஒண்ணு 200, 300 கிலோ இருந்தா சந்தோஷப்படுங்க. 10, 15 வருஷம் ஓடின பழைய வார்ப்பு மெஷின் கிடைச்சா இன்னும் நல்லது. பேரிங்கும் பெல்ட்டும் மாத்தினா இன்னொரு தலைமுறைக்கு ஓடும். தகரத்துல செஞ்ச புது மெஷினைவிட துருப்பிடிச்ச பழைய வார்ப்பு தேவலை.

வாங்கறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது ரெண்டு. கட்டர் சுத்தற ஷாஃப்டை கையால மேலயும் கீழயும் ஆட்டிப் பாருங்க (மெயினை ஆஃப் பண்ணி, பெல்ட்டைக் கழட்டிட்டு!). கடகடன்னா பேரிங் போச்சு, அது சின்னச் செலவுதான். அப்புறம் மேசை மேல ஒரு நேர்ப்பட்டையை நீளவாக்குல, குறுக்குவாக்குல, மூலைக்கு மூலை வச்சுப் பாருங்க. அடியில வெளிச்சம் தெரிஞ்சா மேசை முறுக்கிக்கிச்சுன்னு அர்த்தம். அது பெரிய செலவு.

தரை

300 கிலோ மெஷினை மாடிக்கு ஏத்தறவங்க இருக்காங்க. நம்ம நாட்டுல வீட்டு ரூமோட தளத்தை வடிவமைக்கும்போது பொதுவா சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவுக்குத்தான் மேல்பாரம் கணக்கு வைப்பாங்க. அந்தக் கணக்கு கட்டில், பீரோ, மனுஷங்களுக்கானது. 4 கால்ல நிக்கிற மெஷின், அதோட அதிர்வு, பக்கத்துல அடுக்கின பலகைன்னு சேர்த்தா என்ஜினியரைக் கேக்காம செய்யற வேலை இல்லை அது. என் கருத்து, வேண்டவே வேண்டாம். தளம் தாங்கினாலும் கீழ்வீட்டுக்காரர் தாங்கமாட்டார்.

கீழ்த்தளத்துலயும் டைல்ஸ் மேல நேரா நிறுத்தாதீங்க. டைல்ஸுக்கு அடியில சிமெண்ட் முழுசா ஒட்டாம பொந்தா இருக்கும், கால் விழுந்த இடத்துல பளீர்னு விரியும். மெஷின் நிக்கிற இடத்துல மட்டும் டைல்ஸை எடுத்துட்டு 4 இஞ்ச் கான்கிரீட் போடுங்க. ரசமட்டம் வச்சு பாருங்க. தரை மட்டமா இல்லாட்டி நாலு காலையும் போல்ட் போட்டு இறுக்கும்போது மெஷினோட உடம்பே முறுக்கிக்கும். அப்புறம் "புது மெஷின் நேரா இழைக்க மாட்டேங்குது"ன்னு கடைக்காரரைத் திட்டிட்டு இருப்போம். குட்டையான காலுக்கு அடியில தகடு குடுத்து சரி பண்ணிட்டு அப்புறம் இறுக்குங்க.

இறக்கறதுக்கு நாலு பேரைக் கூப்பிட்டு "ஏய் தூக்குப்பா"ன்னு கத்தறதைவிட, ரெண்டு கடப்பாரை, நாலு ஜி.ஐ. பைப் துண்டு, ஒரு செயின் பிளாக் போதும். பைப் மேல உருட்டினா ரெண்டு பேர் போதும். இழைப்பு மெஷினை மேசையைப் பிடிச்சுத் தூக்கவே கூடாது. உடம்பைத்தான் பிடிக்கணும். மேசையில தூக்கினா கடையில நீங்க பாத்து வாங்கின நேர் அங்கேயே போயிடும்.

மெஷின் எங்க நிக்கணும்ங்கிறதும் தரை சமாச்சாரம்தான். 7 அடி பலகையை இழைக்கணும்னா முன்னாடி 7 அடி, பின்னாடி 7 அடி வேணும். 12-க்கு 16 ரூம்ல மூணு மெஷினை ஓரமா அடுக்கிட்டா எதையும் முழுசா ஓட்ட முடியாது. மூலைக்கு மூலை நிறுத்தியோ வாசலைப் பாத்து நிறுத்தியோ, பலகை வெளியே நீட்டிக்கிட்டு போற மாதிரி அமைக்கணும். சாக்பீஸ்ல தரையில வரைஞ்சு, ஒரு பலகையைக் கையில பிடிச்சுக்கிட்டு நடந்து பாருங்க. சாக்பீஸுக்கு காசு கம்மி.

கரண்ட்

கோயம்புத்தூர்க்காரங்களுக்கு மோட்டார் பத்தி சொல்றது திருநெல்வேலிக்கே அல்வா கொண்டுபோற கதைதான். இருந்தாலும் சொல்றேன்.

1 எச்.பி.ங்கிறது 746 வாட். 3 எச்.பி. மோட்டார்னா வெளியே தர்றது 2,238 வாட். மோட்டாருக்குள்ள வீணாகறதையும் சேர்த்தா 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ்ல சுமார் 15 ஆம்பியர் இழுக்கும். ஸ்டார்ட் ஆகற அந்த ஒரு நொடியில அதைப்போல 5, 6 மடங்கு. ஏ.சி.க்கு வச்ச 16 ஆம்பியர் பிளக்குல, அதுவும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியா இதை ஓட்டினா என்ன ஆகும்? வோல்டேஜ் இறங்கும், மோட்டார் திணறும், சூடாகும், ஒயர் உருகும். மெயின் போர்டுல இருந்து தனியா 4 சதுர மி.மீ. செப்பு ஒயர், தனி எம்.சி.பி., மெஷின் பக்கத்துல கைக்கெட்டற ஐசொலேட்டர், உருப்படியான எர்த். இது குறைஞ்சபட்சம். உங்க மின் இணைப்புக்கு எவ்வளவு லோடு அனுமதிச்சிருக்காங்கன்னும் பாத்துக்குங்க. பொழுதுபோக்குக்கு ஓட்டறவரைக்கும் வீட்டு இணைப்பு. காசு வாங்கிட்டு ஆர்டர் எடுக்க ஆரம்பிச்சா அது தொழில். அதுக்கு வேற கட்டண வகை. 2003 மின்சாரச் சட்டத்துல இதுக்கு அபராதம் உண்டு.

பழைய மெஷின் வாங்கினா பெரும்பாலும் த்ரீ ஃபேஸ் மோட்டார்தான் வரும். "வி.எஃப்.டி. ஒண்ணு போட்டா வீட்டு கரண்ட்லயே ஓடும்"னு சொல்வாங்க. பாதி உண்மை. சாதாரண வி.எஃப்.டி. 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸை 230 வோல்ட் த்ரீ ஃபேஸா மாத்தும். அது 415 வோல்ட் குடுக்காது. மோட்டாரோட நேம் பிளேட்டைப் பாருங்க. நம்மூர் சின்ன மோட்டார்கள், பொதுவா 2 எச்.பி. வரைக்கும், 415 வோல்ட்டுக்கு ஸ்டார் கனெக்‌ஷன்ல இருக்கும். அதை டெல்டாவா மாத்தினா 230-ல ஓடும். 3 எச்.பி.யும் அதுக்கு மேலயும் பொதுவா 415-லயே டெல்டா. அதை அப்படியே வி.எஃப்.டி.ல போட்டா முக்கும், முனகும், மரத்தைத் தொட்டதும் நின்னுடும். காசு குடுக்கறதுக்கு முன்னாடி நேம் பிளேட்டை ஒரு போட்டோ எடுத்து ரீவைண்டிங் கடைக்காரர்கிட்ட காட்டினா 5 நிமிஷத்துல சொல்லிடுவார்.

இதுல நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்னு சொல்ற ஒரு சாமான் டி.ஓ.எல். ஸ்டார்ட்டர். நம்ம தோட்டத்து மோட்டாருக்கு மாட்டற அதே பச்சை, சிவப்பு பட்டன் பெட்டிதான். ஏன் வேணும்? கரண்ட் போகும், வரும். சாதாரண சுவிட்ச் போட்டிருந்தா, பிளேடு நின்ன நேரத்துல மாட்டின மரத்தை எடுக்க நீங்க கையை விடுவீங்க. கரண்ட் வரும். மெஷின் தானா கிளம்பும். டி.ஓ.எல்.ல கரண்ட் போனதும் உள்ள இருக்கிற காயில் விட்டுடும். திரும்ப பச்சையை அமுக்கினாத்தான் ஓடும். தோட்டத்துக்காரங்க கரண்ட் வந்ததும் தானா ஓடட்டும்னு ஆட்டோ ஸ்டார்ட்டர் வைப்பாங்க. கிணத்து மோட்டாருக்கு அது வரம், ரம்பத்துக்கு அது எமன். பழைய தோட்டத்து ஸ்டார்ட்டரை எடுத்துப் போடறவங்க அந்த ஆட்டோவைக் கழட்டிட்டுப் போடுங்க. சிவப்பு பட்டன் முழங்காலுக்கும் எட்டற மாதிரி இருந்தா இன்னும் நல்லது. ரெண்டு கையும் மரத்துல இருக்கும்போது நிறுத்த வேற வழி இல்லை.

மறைப்பும் ஆப்பும்

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றோம்.

ஒரு 12 இஞ்ச் பிளேடு 2,880 ஆர்.பி.எம்.ல சுத்தினா பல்லோட வேகம் நொடிக்கு 46 மீட்டர். மணிக்கு 165 கிலோமீட்டர். பலகையை நீளவாக்குல அறுக்கும்போது, மரத்துக்குள்ள இருந்த இழுவிசை விடுபட்டு, அறுத்த ரெண்டு பக்கமும் திரும்ப ஒட்டப் பாக்கும். வேம்பு, மா, பூவரசு அறுத்தவங்களுக்குத் தெரியும். அப்படி ஒட்டும்போது பிளேடோட பின்பக்கம் மரத்தைக் கவ்விடும். பின்பக்கப் பல்லு கீழ இருந்து மேல வர்ற பல்லு. மரத்தைத் தூக்கி, அந்த 165 கிலோமீட்டர் வேகத்தோட உங்க வயித்தைப் பாத்து எறியும். மரம் போன வேகத்துல, அதைப் பிடிச்சிருந்த கை பிளேடு மேல விழும். பல விரல்கள் போறது இப்படித்தான். "நான் கையை பிளேடு பக்கமே கொண்டுபோகமாட்டேனே"ன்னு சொல்றவங்க கவனிக்கணும். கையை நீங்க கொண்டுபோறதில்லை, மரம் கொண்டுபோகுது.

இதுக்கு மருந்து என்ன? ஆப்பு. ஆப்புன்னதும் சிரிக்காதீங்க. கை ரம்பத்துல நீளமா அறுக்கும்போது ஆசாரி வெட்டுவாய்ல ஒரு சின்ன மர ஆப்பைச் சொருகிட்டு அறுப்பார், ரம்பம் இறுகாம இருக்க. அதே ஆப்பை இரும்புத் தகடா வெட்டி, பிளேடுக்குப் பின்னாடி நிரந்தரமா நிறுத்திட்டா அதுக்குப் பேரு ரைவிங் நைஃப். அவ்வளவுதான் விஷயம். பிளேடு பல்லு 3 மி.மீ. வெட்டுதுன்னா, பிளேடு உடம்பு 2.2 மி.மீ. இருக்குன்னா, தகடு 2.5 மி.மீ. இருக்கணும். பிளேடோட வளைவுக்குத் தக்க வளைவா வெட்டி, பல்லுக்கு 8 மி.மீ.க்குள்ள நிறுத்தணும். நம்மூர்ல செய்யற பல மெஷின்கள்ல பிளேடு ஏறி இறங்காது, மேசைதான் ஏறி இறங்கும். அது ஒரு வகையில நமக்கு வசதி. தகட்டை மெஷின் உடம்புல ஒரு தடவை போல்ட் போட்டு நிறுத்தினா போதும், பிளேடுக்கும் தகட்டுக்கும் உள்ள தூரம் மாறவே மாறாது. ஒரு லேத் பட்டறையில அரை நாள் வேலை.

"அதெல்லாம் நம்மூர்ல யாரும் போடறதில்லீங்ணா"ன்னு மெஷின் விக்கிறவர் சொல்வார். போடறதில்லைங்கிறது உண்மை. நம்மூருக்குத் தெரியாதுங்கிறது பொய். 1948 தொழிற்சாலைகள் சட்டத்துக்குக் கீழே மாநில அரசுகள் போட்ட விதிகள்ல மரவேலை மெஷினுக்குன்னு தனி அட்டவணையே இருந்தது. வட்ட ரம்பத்துக்குப் பின்னாடி ரைவிங் நைஃப் இருக்கணும், பிளேடுக்கு மேல மறைப்பு இருக்கணும், தள்ளுகட்டை கைக்கெட்டற இடத்துல இருக்கணும், கையால தள்ளற இழைப்பு மெஷின்ல உருளை வடிவக் கட்டர்தான் இருக்கணும். எல்லாம் அதுல எழுதியிருந்தது. ஏன் உருளை? பழைய சதுரக் கட்டர்ல கத்திக்கும் கட்டைக்கும் நடுவுல பெரிய இடைவெளி இருக்கும், விரல் உள்ள போயிடும். உருளையில இடைவெளி சின்னது. நகம் போகும், கை தப்பும். இன்னைக்கும் பழைய சாமான் கடையில சதுரக் கட்டர் இழைப்பு மெஷின் சல்லிசா கிடைச்சா, அந்த சல்லிசுக்குக் காரணம் இருக்கு. வாங்காதீங்க.

ஆனா அந்தச் சட்டம், கரண்ட் மெஷின் வச்சு 10 பேருக்கு மேல வேலை பாக்கற தொழிற்சாலைக்கு எழுதினது. நம்ம வீட்டு ஷெட்டுக்கு எந்த இன்ஸ்பெக்டரும் வரப்போறதில்லை. திட்டறதுக்கு மேஸ்திரியும் இல்லை. ஓட்டறவர், முதலாளி, இன்ஸ்பெக்டர் மூணும் நாமதான். அதனாலதான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

"ஆசாரிங்க இல்லாமயே ஓட்டறாங்களே"ங்கிற கேள்விக்கு இப்ப வர்றேன். ஓட்டறாங்க. வருஷக்கணக்கா மெஷின்ல நின்ன ஆசாரிங்களோட கையைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க, பதில் அங்கேயே இருக்கும். அவங்களுக்குக் கூலி, சாயங்காலத்துக்குள்ள கதவு முடியணும், முதலாளி குடுத்த மெஷின்ல அவங்க வேணும்னு கேக்கற மாதிரி எதுவும் இல்லை. அந்த நெருக்கடி நமக்கு இருக்கா? ஞாயித்துக்கிழமை பொழுதுபோகாம ஸ்டூல் செய்யற நமக்கு என்ன அவசரம்? இன்னொண்ணு, அவர் தினம் 8 மணி நேரம் மெஷின் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர். மரம் இறுகறதை சத்தத்துலயே கண்டுபிடிச்சிடுவார். நாம வாரத்துக்கு 3 மணி நேரம் ஓட்டறவங்க. மறைப்பு யாருக்கு அதிகமா தேவை, அவருக்கா நமக்கா?

அமெரிக்காவுல வீட்டுப் பட்டறை ரொம்ப சகஜம். அங்க டேபிள் ரம்பத்தால ஆஸ்பத்திரிக்குப் போறவங்க வருஷத்துக்கு 30,000 பேர் அளவுல இருக்கிறதா அவங்க அரசாங்கக் கணக்கு சொல்லுது. ஸ்டீவ் காஸ்னு ஒருத்தர், இயற்பியல் படிச்ச வக்கீல், 1999-ல ஒரு யோசனை பண்ணினார். விரல் பட்டதும் பிளேடுல ஓடற சின்ன மின்சார சிக்னல் மாறும், உடனே ஒரு அலுமினியக் கட்டை பாய்ஞ்சு பிளேடை நிறுத்திடும். 5 மில்லி செகண்ட்ல. 2004-ல சாஸ்டாப்ங்கிற பேர்ல மெஷின் விற்பனைக்கு வந்துச்சு. அருமையான சாமான். ஆனா அதுலயும் ரைவிங் நைஃபும் மறைப்பும் உண்டு. மரம் திருப்பி அடிக்கிறதை அந்த பிரேக் தடுக்காது. அவ்வளவு காசு குடுத்து அந்த மெஷினை வாங்கினாலும் ஆப்பு வேணும். அது இல்லாத நமக்கு ஆப்பும் தள்ளுகட்டையும்தான் சாஸ்டாப்.

இழைப்பு மெஷின்ல ரெண்டே விதி. 1 அடிக்குக் கம்மியான துண்டைப் போடாதீங்க, ஒரு தடவைக்கு 1 மி.மீ.க்கு மேல எடுக்காதீங்க. காரைக்குடி பக்கம் பழைய வீடு இடிச்ச தேக்கு கிடைச்சா விடமாட்டோம், சரிதான். அதை மெஷின்ல விடறதுக்கு முன்னாடி காந்தம் வச்சுத் தேய்ச்சு ஆணி இருக்கான்னு பாருங்க. தலை உடைஞ்சு உள்ள இருக்கிற ஆணி ஒண்ணு போதும், மூணு கத்தியும் காலி.

அப்புறம் உடுப்பு. லுங்கி, துண்டு, தொளதொள சட்டைக் கை, கையில மோதிரம், கோயில்ல கட்டின கயிறு, எதுவும் வேண்டாம். கயிறைக் கழட்டினா சாமி கோச்சுக்காது. கையுறையும் வேண்டாம். சுத்தற மெஷின்ல கையுறை மாட்டினா கையோட சேர்த்து இழுக்கும். கண்ணாடியும் காதடைப்பும் போதும்.

தூள்

விரல் போனா அன்னைக்கே தெரியும். நுரையீரல் போறது 20 வருஷம் கழிச்சுத்தான் தெரியும். அதனாலயே தூளை யாரும் மதிக்கிறதில்லை. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995-லயே மரத்தூளை மனுஷனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான முதல் வகையில சேர்த்தாச்சு. மூக்குக்குள்ள வர்ற புற்றுநோய். எம்.டி.எஃப். பலகைன்னா மரத்தூளோட ஃபார்மால்டிஹைடு பசையும் சேர்ந்து வரும். ஃபார்மால்டிஹைடையும் 2004-ல அதே வகையில சேர்த்தாங்க. தேக்கும் ஈட்டியும் சிலருக்குத் தோல்ல அரிப்பைக் கிளப்பும்.

கீழ விழற சுருளும் ரம்பத்தூளும் பிரச்சினை இல்லை. கூட்டி அள்ளிடலாம். வெயில் கோடு உள்ள வரும்போது மினுமினுன்னு மிதக்குதே, அதுதான் எமன். மெஷின் நின்னு ரொம்ப நேரம் கழிச்சும் காத்துலயே இருக்கும். துணிப்பை வச்ச புளோயர் பெரிய தூளைப் பிடிச்சுட்டு, இந்த நைஸ் தூளை ரூம் பூரா தெளிச்சு விடும். அதுக்கு, புளோயரை சுவருக்கு வெளியே வைக்கிறது ஒரு வழி. இன்னொண்ணு சைக்ளோன். ரைஸ் மில்லுல உமியையும் தவிட்டையும் பிரிக்க கூம்பு மாதிரி தகரத்துல ஒண்ணு தொங்குமே, அதேதான். மில்லுக்கு அதைச் செஞ்சு குடுக்கிற தகர வேலைக்காரர்கிட்ட சின்னதா ஒண்ணு கேளுங்க. கனமான தூள் அதுல விழுந்துடும், ஃபில்டர் அடைக்காது. அது வர்றவரைக்கும் என்-95 மாஸ்க். 2020-க்கு அப்புறம் அதை எப்படிப் போடறதுன்னு யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஜன்னல் ரெண்டு எதிரெதிரா இருந்து, வாசல்ல ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினாலே நிலைமை பாதி சரியாகும். தூள் மூட்டை பக்கத்துல மட்டும் உளி சாணை பிடிக்காதீங்க. ஒரு பொறி உள்ள போனா ராத்திரி பூரா புகைஞ்சு, எல்லாரும் தூங்கற நேரத்துல பிடிக்கும்.

பக்கத்து வீடு

நம்ம நாட்டுல 2000-ல வந்த ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதியில பகல்ல 55 டெசிபல், ராத்திரி 10 மணிக்கு மேல 45. இழைப்பு மெஷின் பக்கத்துல நின்னா 90-ஐத் தாண்டும். கணக்குப் போட்டுக்குங்க. சட்டத்தைவிட மனுஷங்க முக்கியம். எந்த நாள்ல எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரைக்கும் ஓட்டுவேன்னு பக்கத்து வீட்டுல முன்கூட்டியே சொல்லிட்டு, பரீட்சை மாசத்துல நிறுத்தி வச்சா, வருஷத்துக்கு ஒரு முக்காலி செஞ்சு குடுத்தா, பிரச்சினையே வராது. வீட்டுல குழந்தைங்க இருந்தா ஐசொலேட்டருக்குப் பூட்டு. சாவி உங்க பாக்கெட்ல. இதுக்கு மட்டும் "அப்புறம் பாத்துக்கலாம்" கிடையாது.

காசு இல்லேன்னா?

"இவ்வளவு சொன்னா நடுத்தரக் குடும்பத்துக்காரன் பட்டறையே போட முடியாதே"ன்னு ஒரு நியாயமான கேள்வி வரும். முடியும். ஒரே மெஷினை முழுசா வாங்குங்க, மூணு மெஷினைப் பாதிப் பாதியா வாங்காதீங்க.

என் வரிசை இது. முதல்ல பேண்ட் ரம்பம். அதோட பிளேடு கீழ்நோக்கி ஓடறதால மரத்தை மேசையிலதான் அழுத்தும், உங்க மேல எறியாது. விரலை வெட்டாதுன்னு இல்லை, ஆனா உங்க கவனக்குறைவுக்குத்தான் வெட்டும், மரத்தோட குணத்துக்கு வெட்டாது. வளைவும் வெட்டலாம், நேராவும் வெட்டலாம். அடுத்து இழைப்பு மெஷின். டேபிள் ரம்பம் கடைசி. நிறைய பேர் அதைத்தான் முதல்ல வாங்கறாங்க. வீடியோவுல எல்லாம் அதுதான் நடுநாயகமா நிக்குது. அந்த வீடியோவுல பலதுல கேமராவுக்குத் தெரியணும்னு மறைப்பைக் கழட்டியிருப்பாங்கங்கிறதையும் கவனிங்க.

அந்த ஒரு மெஷினுக்கும் காசு பத்தலேன்னா, பக்கத்து சா மில்லுல மரத்தைக் குடுத்தா அளவு சொன்னபடி அறுத்து, இழைச்சுத் தருவாங்க. கூலி கொஞ்சம்தான். மில்லுல கனமான வேலையை முடிச்சுட்டு, வீட்டுல இழைப்புளி, உளி, கை ரம்பம், ஒரு நல்ல மேசை வச்சு இணைப்பு போட்டா யாருக்கும் குறைஞ்ச பட்டறை இல்லை அது. சத்தம் இல்லை, நைஸ் தூள் இல்லை, ராத்திரி 11 மணிக்கும் வேலை பாக்கலாம். கை சாமான் பட்டறை முழுப் பட்டறை. மறைப்பு இல்லாத மெஷின் பட்டறைதான் பாதிப் பட்டறை.

ஆயுத பூஜைக்கு மெஷினைத் துடைச்சு சந்தனம், குங்குமம் வச்சு, மாலை போட்டுக் கும்பிடறோம். நல்ல பழக்கம். அந்த மாலைக்கும் பொரிக்கும் ஆகற காசுல ரெண்டு தள்ளுகட்டை செஞ்சு, மெஷின் பக்கத்துலயே ஆணியில தொங்கவிடலாம். கட்டை கூட விலைக்கு வாங்க வேண்டாம், பட்டறையில கிடக்கிற கழிவுத் துண்டே போதும். இந்த ஞாயித்துக்கிழமை வேற எதையும் செய்யறதுக்கு முன்னாடி அதைச் செய்யுங்க.